எந்த டாக்டரிடம் போவது, அக்கா?

போன இதழில் என் மகனைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அவனுக்கு டுஷேன் வகைத் தசைச்சிதைவு, 24 வயது, சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணினியில் வரைபட வேலை செய்கிறான் என்று. அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. 19 வருடமாக ஒரு பையனைத் தூக்கி, திருப்பிப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்திருந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். என்ன மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை நான் சொல்ல முடியும்.

கேள்வி: என் பையனுக்கு ஐந்து வயது. அடிக்கடி விழுகிறான். படி ஏறக் கையைப் பிடிக்கச் சொல்கிறான். கெண்டைக்கால் மட்டும் ஓட்டப்பந்தய வீரனுக்கு இருப்பது போலத் திரண்டிருக்கிறது. ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அதிகம் என்று எட்டு மாதம் கல்லீரலுக்கு மருந்து கொடுத்தோம். இப்போது வேறொரு டாக்டர் சி.பி.கே. பார்த்தார். 16,000. ‘மஸ்குலர் டிஸ்ட்ரபி (தசைச்சிதைவு) மாதிரி இருக்கிறது, நரம்பு டாக்டரைப் பாருங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். எந்த டாக்டர்? முதலில் என்ன செய்வது? ஒன்றுமே புரியவில்லை, அக்கா. — ஒரு தாய்

பதில்: எட்டு மாதம் கல்லீரல் மருந்து என்று படித்ததும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். எங்களுக்கு அது ஐந்து மாதம். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை இழைகள் உடைந்தால் இரண்டும் ரத்தத்தில் வந்து கலக்கும். ஜி.ஜி.டி. என்று இன்னொரு பரிசோதனை உண்டு, அது தசையிலிருந்து வருவதில்லை. அது சரியாக இருந்து மற்ற இரண்டும் ஏறியிருந்தால் தசை உடைவதைக் காட்டும் சி.பி.கே.யை உடனே பார்த்திருக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்காக ராத்திரியில் உட்கார்ந்து அழ வேண்டாம்.

பையன் தரையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறான் என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். என் மகன் முதலில் குப்புறத் திரும்புவான். பின்பக்கத்தைத் தூக்குவான். கையை முழங்காலில் வைப்பான், அப்புறம் தொடையில், அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே. தன் மேலேயே ஏறுகிற மாதிரி இருக்கும். அவன் விளையாடுகிறான் என்று நினைத்து நாங்கள் கைதட்டியிருக்கிறோம். 1879-ல் கவர்ஸ் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். இன்றைக்கும் டாக்டர்கள் ‘கவர்ஸ் அடையாளம்’ என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் மகன் அப்படி எழுந்தால் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். டாக்டர் அறையில் குழந்தை பயந்து அம்மா இடுப்பை விட்டு இறங்காது. அந்த அரை நிமிட வீடியோ எல்லாவற்றையும் காட்டிவிடும்.

சரி, எங்கே போவது? குழந்தைகளுக்கான நரம்பியல் நிபுணர், அதுவும் தசை நோய்களைப் பார்ப்பவர். பெரும்பாலும் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிகளில் இருப்பார்கள். நேரே கிளம்பிப் போகாதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். தசை நோய்க்கென்று வாரத்தில் தனி நாள் உண்டா? அன்றைக்கே இதய டாக்டர், நுரையீரல் டாக்டர், எலும்பு டாக்டர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் பார்ப்பார்களா? வளர்ந்து பெரியவனான பிறகும் அங்கேயே வரலாமா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் தூரம் பார்க்காமல் போங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதானே. அப்படி ஓர் இடம் எட்டுகிற தூரத்தில் இல்லையென்றால், உங்களை மதித்துப் பேசுகிற ஒரு குழந்தை மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் நடுவில் இருந்து, இதயத்துக்கு இவர், மூச்சுக்கு அவர் என்று அனுப்பட்டும். நாங்கள் முதல் ஏழு வருடம் அப்படித்தான் ஓட்டினோம்.

அங்கே போனதும் முதலில் கேட்க வேண்டியது ஜீன் டெஸ்ட். தசையைத் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தைச் செய்யும் ஜீன் மிகப் பெரியது, எக்ஸான் என்று சொல்லும் 79 துண்டுகள் கொண்டது. டுஷேன் பையன்களில் பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒன்றோ அதற்கு மேலோ துண்டுகள் விடுபட்டிருக்கும், அல்லது இரட்டித்திருக்கும். அதை எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனை கண்டுபிடித்துவிடும். அதில் எதுவும் தெரியவில்லை என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தமில்லை. அடுத்து ஜீனை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங் செய்ய வேண்டும். பாதியில் விட்டுவிடாதீர்கள். எந்த மருந்து பொருந்தும், எந்த ஆராய்ச்சியில் சேரலாம், உங்களுக்கு அடுத்த குழந்தை பிறந்தால் என்ன ஆகும் என்று பின்னால் வருகிற எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரு காகிதம் வேண்டும். இந்தப் பரிசோதனையிலேயே விடை கிடைத்துவிட்டால் தசையை வெட்டி எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவைப்படாது. இதில் மட்டும் நான் வருத்தப்படுகிறேன். என் மகனுக்கு முதலில் பயாப்ஸிதான் செய்தார்கள். தொடையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஸ்டீராய்டு. பெயரைக் கேட்டாலே பயப்படுவோம். எடை ஏறும், முகம் உப்பும், எலும்பு மெலியும், குழந்தைக்குக் கோபம் வரும், எல்லாம் உண்மைதான். ஆனால் நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டித் தருகிற, மூச்சையும் முதுகெலும்பையும் காப்பாற்றுகிற மருந்தாக இத்தனை வருடமாக நின்று பிடிப்பது இதுதான். எப்போது தொடங்குவது என்பதை நடக்கும் திறன் குறைவதற்கு முன்பே டாக்டரோடு பேசுங்கள். தொடங்கினால் ஒரு நாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் ஸ்டீராய்டைத் தானே சுரப்பதை மறந்துபோயிருக்கும். திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து. வாந்தி எடுத்து மாத்திரை தங்காமல் போனாலும் அது நிறுத்தியதற்குச் சமம், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டுஷேன் நோய்க்கு எந்த வயதில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று உலக நிபுணர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டி 2010-ல் வந்தது, 2018-ல் திருத்தி எழுதினார்கள். அதைக் குடும்பங்களுக்காக எளிமையாக்கிய பதிப்பும் உண்டு. அதை அச்செடுத்து டாக்டரிடம் கொண்டு போங்கள். ‘இந்த வயதில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறதே டாக்டர்’ என்று கேளுங்கள். நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். 5000 ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிற நோய் இது. உங்கள் டாக்டர் தன் வாழ்நாளில் இரண்டு பேரைத்தான் பார்த்திருப்பார். நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

கடைசியாக, இன்றைக்கே ஒரு கோப்பு போடுங்கள். ஜீன் ரிப்போர்ட் முதல் தாள். அப்புறம் தேதி வரிசையில் எக்கோ, மூச்சுப் பரிசோதனை, எக்ஸ்ரே, எடை, உயரம். பின்னட்டையில் ஒரு நோட்டுப் புத்தகம். டாக்டர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்தால் மறந்துபோகும். இதய டாக்டர் எழுதியதை நுரையீரல் டாக்டர் படிக்க மாட்டார். இருவரும் சொன்னதைச் சேர்த்துத் தெரிந்துவைத்திருக்கும் ஆள் நீங்கள் ஒருவர்தான். என் கோப்பு இப்போது நான்காவது. முதல் கோப்பின் முதல் பக்கத்தில் என் கையெழுத்து நடுங்கி இருக்கிறது, அதை நான் மாற்றி எழுதவில்லை.

கேள்வி: என் பேரனுக்கு 11 வயது, இதே வியாதி. இன்னும் வீட்டுக்குள் நடக்கிறான். பள்ளியில் சக்கர நாற்காலி வாங்கச் சொல்கிறார்கள். உட்கார வைத்தால் கால் போய்விடும் என்று எனக்குப் பயம். பக்கத்தில் உடற்பயிற்சி சொல்லித் தரும் ஒருவர் படி ஏறி இறங்கவும் காலில் எடை கட்டித் தூக்கவும் வைக்கிறார். பையன் மறுநாள் வலிக்கிறது என்று அழுகிறான். தொடரலாமா அம்மா? — ஒரு தாத்தா

பதில்: எடையை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள், ஐயா. உங்கள் பேரன் சோம்பேறித்தனத்தால் அழவில்லை. டிஸ்ட்ரோஃபின் தசைச் செல்லின் சுவரைத் தாங்கும் புரதம். அது இல்லாததால் தசை சுருங்கி விரியும்போதெல்லாம் அந்தச் சுவர் கிழிகிறது. படி இறங்குவது, எடையை மெல்லக் கீழே வைப்பது போன்றவற்றில் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. கிழிசல் அதில்தான் அதிகம். சாதாரணப் பிள்ளைகளுக்குத் தசை வலித்து, ஆறி, பலமாகும். இவர்களுக்கு ஆறுவதில்லை, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து உட்கார்ந்துவிடும். மறுநாளும் வலி இருந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள். கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

அதற்காகச் சும்மா வைத்திருக்கவும் கூடாது. தண்ணீரில் மிதந்து நீந்துவது நல்லது, உடம்பின் பாரம் தெரியாது. தினமும் கணுக்காலை, முழங்காலை, இடுப்பை மெதுவாக இழுத்துப் பிடித்து நீவ வேண்டும். கணுக்காலுக்கு நான் செய்கிற முறை இது: குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொள்வேன், பாதம் என் முன்னங்கையில் சாய்ந்திருக்கும். அப்படியே பாதத்தை அவன் முகத்தைப் பார்த்துச் சாய்த்து, முப்பது எண்ணும் வரை பிடிப்பேன். இறுகி எதிர்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டும், வலிக்கிற இடத்துக்குப் போகக் கூடாது. ராத்திரி தூங்கும்போது பாதத்தை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் போடலாம். தசை நோய் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு நாள் முழுக்க இருந்து கற்றுக்கொண்டு வாருங்கள். அப்புறம் வீட்டில் நீங்களே செய்யலாம். தாத்தாக்களின் கைக்கு அந்தப் பொறுமை உண்டு.

நாற்காலி விஷயத்தில் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். வாங்கியதை இரண்டு மாதம் கட்டிலுக்குப் பின்னால் துணி போட்டு மூடி வைத்தேன். பள்ளியில் மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும்போது என் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் மதியம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறான், கழிப்பறைக்கு நடக்க வேண்டுமே என்று. நாற்காலி பள்ளிக்குப் போன முதல் நாள் அவன் மைதானத்தின் நடுவில் இருந்தான். கிரிக்கெட்டில் அம்பயர். சாயங்காலம் வரும்போது அவன் சட்டையில் மண் இருந்தது. அதைத் துவைக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

கால் போவது நோயால், ஐயா. நாற்காலியால் இல்லை. தூரத்துக்கு நாற்காலி, வீட்டுக்குள் நடை என்று இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் அளவெடுத்துச் செய்த நாற்காலியாக இருக்கட்டும். உட்காரும் இடம் அகலமாக இருந்தால் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து முதுகெலும்பு வளைந்துவிடும்.

கேள்வி: எனக்கு 22 வயது. என் தம்பிக்கு டுஷேன். அம்மா வழியாக வந்தது என்று உறவில் எல்லாரும் அம்மாவைப் பேசுகிறார்கள். எனக்கும் இருக்குமா? கல்யாணப் பேச்சு தொடங்கியிருக்கிறது. பரிசோதனை செய்யப் பயமாக இருக்கிறது. — ஓர் அக்கா

பதில்: என் மகள் வயது உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன். முதலில் உன் அம்மாவுக்கு. இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது ஈடு கொடுக்கும். பையனுக்கு ஒன்றுதான். அதனால் அம்மாவிடமிருந்து வர வாய்ப்பு உண்டு. ஆனால் மூன்றில் ஒரு குடும்பத்தில் அம்மாவிடம் அந்தக் குறையே இருக்காது, பிள்ளையிடம் புதிதாக ஏற்பட்டிருக்கும். இருந்தாலும்தான் என்ன? யாரும் தன் ஜீனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறப்பதில்லை. எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்தது. நான் அதைப் பல வருடம் சுமந்தேன். உன் அம்மாவைச் சுமக்க விடாதே.

உனக்கு இருக்குமா என்பதை உன் தம்பியின் ஜீன் ரிப்போர்ட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு எந்த இடத்தில் குறை என்று தெரிந்தால் உன் ரத்தத்தில் அதே இடத்தைப் பார்ப்பார்கள். சி.பி.கே. மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல், உனக்கு இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதே, குறையைச் சுமக்கும் பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். உனக்கு இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண்ணும் சுமப்பவளாக இருக்கவும் அதே அளவு. கருத்தரிப்பதற்கு முன்பும் கரு உருவான பிறகும் பார்த்துக்கொள்ள வழிகள் உண்டு. மரபணு ஆலோசகர் என்று இதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக்கு முன்பே அவரிடம் பேசு. உன் அம்மாவுக்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நீ செய்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் தெரியாமல் கருமுட்டைகளில் மட்டும் குறை இருப்பதுண்டு.

இன்னொன்றை யாரும் பெண்களிடம் சொல்வதில்லை. குறையைச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகும். சில வருடங்களுக்கு ஒரு முறை எக்கோ பார்க்க வேண்டும். நான் என் மகனை வருடா வருடம் இதய டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு வருடம் அவர் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, ‘உங்களுக்கு எப்போது எடுத்தோம்?’ என்று கேட்டார். எடுத்ததே இல்லை. 15 வருடத்தில் அன்றைக்குத்தான் ஒருவர் கேட்டார். இந்தப் பரிசோதனைக்குப் பயப்படுவதை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் இது உன் உடம்பைப் பற்றியதும்கூட.

கேள்வி: ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆறு மாதத்தில் பையன் எழுந்து நடப்பான் என்று ஒரு விளம்பரம். பெரிய தொகை கேட்கிறார்கள். வீட்டை அடகு வைக்கலாமா? — ஓர் அப்பா

பதில்: வைக்காதீர்கள். தசைச்சிதைவைக் குணமாக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று நிரூபணமாகி அனுமதி பெற்றது எதுவும் இல்லை. நிஜமான மருத்துவ ஆராய்ச்சி நோயாளியிடம் சோதனை மருந்துக்குப் பணம் வாங்காது. ‘நடப்பான்’ என்று வாக்குறுதியும் தராது. ஒப்புதல் படிவத்தில் என்னென்ன ஆபத்து என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கும்.

நம்பிக்கையே இல்லை என்று சொல்ல வரவில்லை. டிஸ்ட்ரோஃபின் ஜீனின் 51-ஆவது எக்ஸானைத் தாண்டிப் படிக்க வைக்கும் மருந்துக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நூறு டுஷேன் பையன்களில் 13 பேருக்குத்தான் அது பொருந்தும், பலனும் சிறியது. 2023-ல் ஒரு ஜீன் சிகிச்சைக்கு அனுமதி தந்தார்கள். அதைப் பெற்ற, நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு பதின்வயதுப் பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தது 2025-ல் வெளிவந்தது. உண்மையான சிகிச்சையே இவ்வளவு பார்த்து நடக்க வேண்டியதாக இருக்கிறது. ட்ரீட்-என்எம்டி என்ற பன்னாட்டு அமைப்போடு இணைந்த நோயாளர் பதிவேடுகள் பல நாடுகளில் உண்டு. மகனின் ஜீன் ரிப்போர்ட்டோடு அதில் பதிந்து வையுங்கள். பொருந்தும் ஆராய்ச்சி வந்தால் அங்கிருந்து தகவல் வரும். வீட்டை வைத்திருங்கள், ஐயா. சாய்தளத்துக்கும் அகலமான குளியலறைக் கதவுக்கும் அந்த வீடு வேண்டும்.

கேள்வி: எல்லாரும் குழந்தைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 36 வயது. இடுப்பும் தோளும் பலவீனமாகிக்கொண்டே வருகின்றன. பத்து வருடத்துக்கு முன் ‘லிம்ப் கர்டில் வகை, மருந்து கிடையாது’ என்று சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் எந்த டாக்டரிடமும் போகவில்லை. போய் என்ன பயன்? — ஒரு வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் கோபப்படுவது நியாயம். 18 வயது தாண்டியதும் குழந்தைகள் பிரிவு கதவைச் சாத்துகிறது, பெரியவர்கள் பிரிவில் இந்த நோயைத் தெரிந்தவர் குறைவு. என் மகனுக்கும் இரண்டு வருடம் நடுவில் யாருமே இல்லை.

ஆனால் நீங்கள் மறுபடி போயே ஆக வேண்டும். ‘லிம்ப் கர்டில்’ என்பது ஒரே நோயின் பெயர் இல்லை, முப்பதுக்கு மேற்பட்ட வகைகளின் கூட்டுப் பெயர். பத்து வருடத்துக்கு முன் கண்டுபிடிக்க முடியாத ஜீனை இப்போது ஒரே ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார்கள். சிலவற்றில் இதயம் பாதிக்கப்படும், சிலவற்றில் படாது. எது என்று தெரியாமல் எப்படிக் காவல் காப்பது? அதைவிட முக்கியம், அந்தப் பெயரில் உலவுபவர்களில் சிலருக்கு இருப்பது வேறு நோய், சிகிச்சை உள்ள நோய். பாம்ப்பே (Pompe) என்ற நோய் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். இல்லாத என்சைமை ஏற்றும் சிகிச்சை அதற்கு 2006 முதல் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி தன் தசையையே தாக்கும் மயோசைட்டிஸ் வகைகளும் உண்டு, அவற்றுக்கும் மருந்து உண்டு. ‘இந்த இரண்டும் இல்லை என்று உறுதிசெய்தாயிற்றா?’ என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

மூச்சுப் பரிசோதனை எடுக்கும்போது உட்கார்ந்து ஒரு முறை, மல்லாந்து படுத்து ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள். உதரவிதானம் பலவீனமாக இருந்தால் படுக்கும்போதுதான் தெரியும்.

கையை இறுக மூடிவிட்டுத் திறக்கச் சிரமப்படுபவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மயோடோனிக் வகையாக இருக்கலாம். அவர்களுக்கு இதயத் துடிப்பின் மின்னோட்டம் தடைபடும். நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் வருடம் ஒரு இ.சி.ஜி. கட்டாயம்.

டாக்டர் தவிர இன்னொருவரையும் பாருங்கள், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். என் மகனுக்கு மேசை மேல் கையைத் தாங்கும் ஒரு சிறு பலகை பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பலகையால்தான் அவன் இன்று ஆறு மணி நேரம் வேலை செய்கிறான். மருந்து இல்லை என்று சொன்ன இடத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை, பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, டுஷேன். ராத்திரி ஐந்தாறு முறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறான். காலையில் தலைவலி, சாப்பாடு வேண்டாம் என்கிறான், பகலில் தூங்கி விழுகிறான். மனச்சோர்வு என்கிறார்கள். எனக்கு முதுகு உடைகிறது, அக்கா. போன மாதம் சளி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போனபோது அங்கே யாருக்குமே இந்த நோயைத் தெரியவில்லை. — ஒரு தாய்

பதில்: தங்கச்சி, இதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். காலைத் தலைவலி, அடிக்கடி விழிப்பு, பகல் தூக்கம் மூன்றும் சேர்ந்தால், தூங்கும்போது மூச்சு போதவில்லை, கரியமில வாயு ரத்தத்தில் தேங்குகிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். என் மகனுக்கும் 17-ல்தான் வந்தது. கெட்ட கனவு வருகிறது என்றான். பரீட்சைப் பயம் என்று நான் நினைத்தேன். நுரையீரல் டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை கேளுங்கள், கரியமில வாயுவையும் சேர்த்து அளக்கும்படி கேளுங்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் எஃப்.வி.சி., அதாவது ஒரே மூச்சில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, இருக்க வேண்டியதில் பாதிக்குக் கீழே போயிருந்தால் ராத்திரி மூச்சுக்கு உதவி தேவை என்று அந்த 2018 வழிகாட்டியே சொல்கிறது. முகமூடி வைத்துக் காற்று தள்ளும் பைபாப் கருவி. முதல் வாரம் முகமூடியைப் பிடுங்கிப் போடுவான். பகலில் படம் பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். என் மகன் ஒன்பதாவது நாள் விடியும்வரை என்னைக் கூப்பிடவே இல்லை. நான் பயந்துபோய் எழுந்து ஓடிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தான்.

இங்கிலாந்தின் நியூகாசில் மருத்துவர்கள் 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1960-களில் இந்த நோயாளிகள் சராசரியாக 14 வயதில் இறந்தார்கள். 1990-க்குப் பிறகு வீட்டில் இந்த மூச்சு உதவி பெற்றவர்கள் 25 வரை இருந்தார்கள். அதற்கப்புறமும் காலம் முன்னேறியிருக்கிறது. முப்பதைத் தாண்டியவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள்.

சளிக்கு இருமல் பலம் வேண்டும். கருவிக்குள் இருமச் சொல்லி வேகத்தை அளப்பார்கள், நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே என்றால் சளி பிடிக்கும்போது அதைத் தானே வெளியேற்றுவது கடினம். இருமல் உதவிக் கருவி கேளுங்கள். அது கிடைக்கும்வரை, கையால் அமுக்கிக் காற்று தள்ளும் ஆம்பு பையால் காற்றை அடுக்கி உள்ளே நிரப்பி, வயிற்றில் கை வைத்து அழுத்தி இரும வைக்கும் முறையை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம், நிமோனியா தடுப்பூசியும் கேளுங்கள்.

உங்கள் முதுகுக்கும் ஒரு டாக்டர் வேண்டும். தூக்கும் கருவி ஆடம்பரம் இல்லை. நானும் தாயின் கைதான் தூக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, முதுகு பிடித்துக்கொண்டு பதினோரு நாள் படுத்துக் கிடந்தேன். அந்தப் பதினோரு நாளும் அவனை யார் யாரோ தூக்கினார்கள். அப்புறம் கருவி வந்தது. இதே நோயுள்ள இன்னொரு வீட்டின் போன் எண்ணையும் வாங்கி வையுங்கள், கிளினிக்கில் கேட்டால் அவர்கள் அனுமதியோடு தருவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ‘முகமூடி மூக்கில் புண்ணாக்குகிறதே, என்ன செய்தீர்கள்?’ என்று கேட்க அப்படி ஒருவர்தான் முடியும்.

அவசரப் பிரிவு விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு தாள் எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாற்காலியின் பின்னால் மாட்டுங்கள். என் மகனுடையதில் இப்படி இருக்கிறது. நோயின் பெயர். நீண்ட காலமாக ஸ்டீராய்டு எடுக்கிறான், நிறுத்தக் கூடாது, நெருக்கடியில் அளவு கூட்ட வேண்டும். மயக்கம் கொடுத்தால் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து கூடவே கூடாது, மூச்சு வழியாகத் தரும் மயக்க வாயுக்களும் கூடாது, இதயம் நின்றுபோகும். மூச்சு திணறினால் ஆக்சிஜன் மட்டும் தனியாக வைக்கக் கூடாது, பைபாப் உதவியோடுதான், கரியமில வாயுவை அளந்துகொண்டே. விழுந்தபின் திடீரென்று மூச்சுத் திணறலோ குழப்பமோ வந்தால் எலும்புக் கொழுப்பு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எப்போதுமே அதிகம், கல்லீரல் நோய் அல்ல. கடைசி எக்கோவின் தேதியும் முடிவும். எங்கள் நரம்பியல் டாக்டரின் எண். பைபாப் கருவியும் முகமூடியும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், அங்கே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

போன வருடம் அந்தத் தாளைப் புதிதாக அடித்தபோது என் மகன் கணினியை வாங்கி, கீழே ஒரு வரியைத் தானே சேர்த்தான். மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில்: ‘எனக்கு நன்றாகக் காது கேட்கும். கேள்வியை என்னிடம் கேளுங்கள், அம்மாவிடம் அல்ல.’